கம்பி பிரஷும் ஒன்றரை மணி நேரமும்

துளை போட்ட உலோகத்தின் ஓரத்தில் நிற்கும் பிசிறை எடுப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க இந்தப் பட்டறையில் ஆட்கள் இருக்கிறார்கள். எந்தத் துளைக்கு எந்தக் கருவி, எந்த ஓரத்தை எவ்வளவு மழுக்கலாம் என்பதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். நான் எழுதப்போவது பயத்தைப் பற்றி.

போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று தரக்கட்டுப்பாட்டு மேடம் கேட்டார். நல்லதாக எழுதவா, நடந்ததை எழுதவா என்றேன். "நல்லது எழுத நம்மகிட்ட காலண்டர் இருக்கு அண்ணா" என்றார். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் வேடசந்தூர் பக்கம். எட்டாம் வகுப்புப் பாதியில் நின்றுவிட்டேன். அப்பா அடித்தார், அதனால் ஓடினேன் என்று சொல்லலாம். அவர் அடிக்காவிட்டாலும் ஓடியிருப்பேன். ஓரிடத்தில் உட்காருவது எனக்கு வராது. கோயம்புத்தூரில் பம்பு பட்டறை, பூனாவில் கியர் கம்பெனி, ராஜ்கோட்டில் டீசல் இன்ஜின், பிறகு ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் கூலி. இங்கே, சிகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவிலேயே, மருந்து கம்பெனித் தொட்டிகளுக்குள் இறங்கிப் பாலிஷ் போட்டுக்கொண்டு இரண்டு வருடம். இந்தப் பட்டறைக்கு வருவதற்கு முன் மொத்தம் பதினோரு இடம். ரயில் நிலையத்தில் படுத்திருக்கிறேன், மூன்று நாள் டீயிலும் பன்னிலும் ஓட்டியிருக்கிறேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை, என்னைப் போல ஆயிரம் பேர். சொல்ல வேண்டியது, அந்த இடங்களிலிருந்து நான் கிளம்பிய விதம்.

ராஜ்கோட்டில் ஒருநாள் துளைபோடும் மிஷினில் டிரில்லை இறுக்கிவிட்டு, இறுக்குகிற சாவியை அதிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அடுத்து வந்தவர் பார்க்காமல் சுவிட்சைப் போட்டார். சாவி பறந்து அவர் தாடையில் அடித்தது. எலும்பு உடைந்த சத்தம் மிஷின் சத்தத்தை மீறிக் கேட்டது. யார் சாவியை விட்டது என்று விசாரித்தார்கள். முந்தின ஷிஃப்ட்காரர் மேல் பழி விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். தாடை உடைந்தவர் எப்போது சாப்பிட்டார், பழி விழுந்தவருக்கு வேலை இருந்ததா, போனதா, ஒன்றும் எனக்குத் தெரியாது. கிளம்பிப் போவதில் உள்ள வசதியே அதுதான். பின்னால் நடந்தது எதுவும் காதுக்கு வராது.

மற்ற இடங்களிலும் ஏறக்குறைய இப்படித்தான். ஏதாவது தப்பாகும், பையை எடுப்பேன். இந்தப் பட்டறையில் மட்டும் பதினெட்டு வருடம் பையை எடுக்கவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது ஒரு காரணம். பெரிய தப்பு எதுவும் நடக்கவில்லை என்பது இன்னொரு காரணம்.

இனி அந்தப் பாகத்தைப் பற்றி. விண்கலம் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே சுற்றுகிற நிலையத்தில் போய் ஒட்டிக்கொண்டதும் கதவை உடனே திறந்துவிட மாட்டார்கள். இரண்டு கதவுகளுக்கும் நடுவில் உள்ள இடத்தில் காற்றை விட்டு, இருபக்கமும் அழுத்தம் ஒன்றான பிறகுதான் திறப்பார்கள். அந்தக் காற்று போகிற வழியில் ஒரு வால்வு. அந்த வால்வின் உடம்பை நாம் செய்தோம். இரண்டு தீப்பெட்டியை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் அளவு. உள்ளே மூன்று துளைகள், ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும். பேகம்பேட்டில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கம்பெனி நம்மிடம் வாங்கி, அவர்கள் இன்னொருவருக்குக் கொடுத்து, கடைசியில் அது ஒரு வெளிநாட்டுக் கலத்தில் போய் உட்கார்ந்தது. செய்தது மூன்று. ஒன்றை வாடிக்கையாளரே இரண்டாக அறுத்துச் சோதித்துப் பார்த்துச் சரி என்றுவிட்டார். ஒன்று கலத்தில். ஒன்று உதிரியாக நம் ஸ்டோரில், உறை ஒட்டி.

துளைகள் வெட்டிக்கொள்கிற இடத்தில் பிசிறு எடுத்தது நான்.

அந்த வேலைக்குக் கம்பெனி நைலான் பிரஷ் கொடுக்கும். வாங்கும்போது ரெஜிஸ்டரில் பதிவு, மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வை. திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு பதிவு, இன்னொரு பார்வை. ஒரு இழை குறைந்தாலும் பாகம் வெளியே போகாது. நல்ல ஏற்பாடு. ஆனால் நைலான் வளைந்துகொடுக்கும். உள்மூலையில் பிசிறு அப்படியே நிற்கும். நம் தொழிலில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். கம்பெனி கொடுப்பதை ரெஜிஸ்டருக்காக வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, டிபன் பையில் இருக்கும் சொந்தக் கருவியை எடுப்பது. உங்களுக்கும் ஒன்று இருக்கும் அல்லது சீக்கிரம் வந்துவிடும். என்னுடையது எஃகுக் கம்பி பிரஷ். கோயம்புத்தூரில் ஒருவர் கையால் முறுக்கித் தருவார், ஊருக்குப் போகும்போதெல்லாம் வாங்கி வருவேன். இழை தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், சுண்டினால் தெறிக்கும். வேலை ஆரம்பிக்கும் முன் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன், முழுதாக இருந்தது. மூன்று பாகங்களையும் முடித்த பிறகு பார்க்கவில்லை. துணியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டேன், அதன் பிறகு அதை வெளியே எடுக்கவே இல்லை. ரெஜிஸ்டரில் நைலான் பிரஷ் ஒரு இழையும் குறையாமல் திரும்பியது. அது அந்தத் துளைகளுக்குள் போகவே இல்லை.

பல மாதம் கழித்துக் கலம் கிளம்பியது. அன்று மத்தியானம் கேன்டீனில் டிவி. நான்கு பேர் போகிறார்கள். நெருப்பு கிளம்பியதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஓனர் டபுள் கா மீட்டா இனிப்பு வரவழைத்திருந்தார். என் தோளில் தட்டி, "நம்ம கை பட்டது மேல போகுதுய்யா" என்றார். எனக்கு அன்று முழுவதும் தலை கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை எட்டரை மணி. பக்கத்து மிஷினில் யாதகிரி. தெலுங்குக்காரர், என்னோடு பதினைந்து வருடம் பழகி ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். அவரிடம் பெருமையடிக்கத் தோன்றியது. பையிலிருந்து துணிச்சுருளை எடுத்தேன்.

"ஏந்தி அன்னா, தங்கமா?"

"தங்கம்தான். மேல போயிருக்கே, அதுக்குப் பிசிறு எடுத்தது இதுதான். ராக்கெட் பிரஷ்."

"பல்லு தேய்க்கவா?"

"வாங்க, கண்ணாடியில காட்டுறேன். ஒவ்வொரு இழையும் எப்படி நிக்குதுன்னு பாருங்க."

மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து நான்தான் முதலில் கண் வைத்தேன். வரிசையாக நின்ற இழைகளுக்கு நடுவில் ஒரு இடைவெளி. பல் விழுந்த வாய் மாதிரி. திருப்பினேன். முறுக்கின் அடியில் இரண்டு இழைகள் ஒடிந்த இடம் பளபளப்பாகத் தெரிந்தது. இரண்டு.

யாதகிரி குனிந்து பார்த்தார். "பாகுந்தி அன்னா" என்று சொல்லிவிட்டுத் தன் மிஷினுக்குப் போய்விட்டார். அவர் கண்ணுக்கு அது நல்ல பிரஷ். முழுதாக இருந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆகவே அந்த நிமிடம் உலகத்தில் அது தெரிந்தவனும் நான் ஒருவன்தான்.

பயம் எப்படி வந்தது என்று எழுதிவைக்கிறேன், உங்களுக்கு வரும்போது அடையாளம் தெரியட்டும். கை நடுங்கவில்லை. மனம்தான் மிக வேகமாக நல்ல காரணங்களைத் தேட ஆரம்பித்தது. துணியில் சுற்றும்போது ஒடிந்திருக்கும். துணியை உதறினேன், ஒன்றும் இல்லை. கழுவும்போது போயிருக்கும். அல்ட்ராசோனிக் தொட்டியில் மூன்று முறை கழுவினோமே. அதோடு தலைகீழாகப் பிடித்துத் தட்டியும் பார்த்தோமே. நாற்பது வருடமாகத் தட்டுகிறேன். உள்ளே ஏதாவது இருந்தால் கீழே விழும். விழவில்லை, ஆகவே இல்லை.

இந்தக் கணக்கில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்தது. தெரியாதது போல பிரஷைச் சுற்றிப் பையில் போட்டுவிட்டு, கையில் இருந்த வேலையைத் தொடர்ந்தேன். ஒரே ஓரத்தை அரைமணி நேரம் தேய்த்திருக்கிறேன். அந்தப் பாகம் அப்புறம் குப்பைக்குப் போயிற்று.

ஒன்பதரைக்கு டீ. கேன்டீன் டிவியில் கலத்துக்குள் எடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது. நால்வரில் ஒரு பெண். தலைமுடியைக் கட்டாமல் விட்டிருந்தார். அது தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் நின்றது. அவர் திரும்பினால் முடி மெதுவாகத் திரும்பியது, கீழே மட்டும் விழவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ டம்ளரை வைத்துவிட்டேன்.

அங்கே எதுவும் விழாது. இங்கே மூலையில் சிக்கிக் கிடக்கிற இழை, காற்று வேகமாகப் போனதும் கிளம்பும். கிளம்பினால் தரைக்கு வராது. மிதக்கும். கண் எதிரே மிதந்தாலும் தெரியாத அளவு. கண்ணில் குத்தினால் அங்கே ஆஸ்பத்திரி கிடையாது. மூச்சோடு உள்ளே போனால் அதைவிட மோசம். வெளியே வராமல் வால்வு உட்காருகிற இடத்தில் படுத்துக்கொண்டால் வால்வு சரியாக மூடாது. மூடாவிட்டால் காற்று கசியும். அந்த நான்கு பேருக்கும் வெளியே இருப்பது வெறும் வெளி.

இதையெல்லாம் நினைத்த பிறகும் நான் செய்தது என்ன தெரியுமா? பையை எடுத்தேன். கேட்டுக்கு நடந்தேன். ஷாபூர் நகர் போய் பஸ் பிடித்து, அங்கிருந்து சிகந்திராபாத், பிறகு ஏதோ ஒரு ரயில். மனைவியை அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஐம்பத்தாறு வயதில் இப்படி யோசித்தேன். கால் பழகிய வழியில் போயிற்று.

வாட்ச்மேன் கையை நீட்டினார். "பாஸ் கிதர்?"

வேலை நேரத்தில் வெளியே போக கேட் பாஸ் வேண்டும். அதில் மேடம் கையெழுத்து வேண்டும். பதினெட்டு வருடத்தில் நான் ஒருமுறைகூட வேலை நேரத்தில் வெளியே போனதில்லை, அதனால் அது நினைவிலேயே இல்லை. ஆக நான் மேடம் அறைக்குப் போனது உண்மையைச் சொல்ல அல்ல. பாஸ் வாங்கத்தான் போனேன். இதை மறைத்து எழுதினால் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

மேடம் என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். அவர் குடும்பம் நான்கு தலைமுறையாகச் சிகந்திராபாத்தில் இருக்கிறது. தமிழுக்கு நடுவில் ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ் என்று வந்து விழும்.

"கேட் பாஸா? இப்பவா? கைக்கு அண்ணா?"

"வீட்ல உடம்பு சரியில்ல மேடம்."

"அக்காவுக்கா? என்ன பண்ணுது?"

"காய்ச்சல்."

பாஸ் புத்தகத்தை இழுத்து என் பெயரை எழுதினார். நேரம் பத்து என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "காய்ச்சல்னு எழுதட்டா? உங்க மூஞ்சியப் பார்த்தா வேற ஏதோ மாதிரி இருக்கு."

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, கவலைப்பட்டுத்தான் கேட்டார். நான் அந்தப் பேனா முனையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ராஜ்கோட்டில் என்னை யாரும் காரணம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

"பிரஷ்னு எழுதுங்க மேடம்" என்றேன்.

"பிரஷ்ஷா?"

பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். சொன்னேன். பத்து வாக்கியம் இருக்கும். முடித்ததும் திட்டுவார் என்று நின்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு நிலையத்தோட ஒட்டுது. அஞ்சு மணிக்கு வால்வு திறப்பாங்க." போனை எடுத்தார்.

"மேடம், ஸ்டோர்ல ஒண்ணு இருக்கே. முதல்ல அதைத் திறந்து பார்த்துட்டுச் சொல்லலாமா?"

"நக்கோ அண்ணா. பார்த்து ஒண்ணும் கிடைக்கலேன்னா அப்புறம் நாம சொல்ல மாட்டோம். எனக்கு என்னைத் தெரியும். அதனாலதான் இப்பவே பேசிடறேன்."

பேகம்பேட் ஆபீஸுக்குப் பேசினார். ஆங்கிலம் எனக்கு அரைகுறை. நம்முடைய பாகம், அதில் கம்பி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வால்வைத் திறக்கும் முன் நீங்கள் அதைக் கொடுத்த இடத்தில் சொல்லுங்கள் என்றது புரிந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. பின்னால் ஒருநாள் கேட்டேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் எதிராளி நம்மைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவார், நேரம் அதில் போய்விடும் என்றார்.

போனை வைத்துவிட்டு ஓனருக்குச் சொன்னார். ஓனர் தெலுங்குக்காரர், சென்னையில் இன்ஜினியரிங் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அன்று வந்தவர் உட்காரவில்லை.

"என்கிட்ட கேட்காம எப்படிம்மா போன் பண்ணீங்க? எண்பது குடும்பம் இருக்கு இங்க. இந்த ஆர்டர் போனா அடுத்த மாசம் பாதிப் பேரை அனுப்பணும்."

"தெரியும் சார்."

"இவருக்கு நிச்சயமாத் தெரியுமா, உள்ள இருக்குன்னு?" என்னைப் பார்த்தார். "சொல்லுய்யா. நிச்சயமா?"

"தெரியாது சார்."

"அப்புறம்?"

"சார், இல்லேன்னு நிச்சயமாத் தெரியுமான்னு கேளுங்க" என்றார் மேடம்.

ஓனர் கெட்ட மனிதர் இல்லை. அவர் முகத்தில் இருந்ததும் என் முகத்தில் இருந்த அதே பயம்தான், ஆள் எண்ணிக்கைதான் வேறு. எனக்கு நான்கு பேர், அவருக்கு எண்பது குடும்பம். நீங்கள் ஒருநாள் இந்த இடத்தில் நிற்கும்போது எதிரில் நிற்பவரை வில்லனாக நினைக்காதீர்கள். நினைத்தால் பேச்சு சண்டையாகிவிடும், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஸ்டோரிலிருந்து உதிரியைக் கொண்டுவந்து உறையைப் பிரித்தோம். சுத்த அறையில் மேடம், நான், ஓனர். கழுவும் திரவத்தை எப்போதும் விடுகிற பக்கத்திலிருந்து விட்டு, வெளியே வருவதை வடிதாளில் பிடித்தோம். ஒன்றும் இல்லை. இரண்டாம் முறையும் ஒன்றும் இல்லை. ஓனர் மூச்சை விட்டார். மேடம் பாகத்தைத் திருப்பிப் பிடித்து எதிர்ப்பக்கத்திலிருந்து, அழுத்தத்தைக் கூட்டி விட்டார்.

வடிதாளில் ஒரு கோடு விழுந்தது. கண் இமை முடியில் பாதி நீளம். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு முனை ஒடிந்து பளபளத்தது, மறுமுனை கொக்கி போல வளைந்திருந்தது. என் பிரஷ். மூன்று முறை தொட்டியில் கழுவி, தலைகீழாகத் தட்டி, மாதக்கணக்கில் உறைக்குள் இருந்த பாகத்தில் அது மூலையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

அந்த நேரம் வரைக்கும் எனக்கு இருந்தது சந்தேகப் பயம். அதற்குப் பிறகு வந்தது வேறு வகை. இனி சொல்லிச் சமாளிக்க ஒரு காரணமும் மிச்சம் இல்லை.

"ஒண்ணு கிடைச்சிடுச்சே" என்றார் ஓனர், மெதுவாக. "ரெண்டாவது தரையில விழுந்திருக்கும். தட்டினோம்ல, இருந்தா கீழ விழுந்திருக்கும்."

"இது விழலையே சார். அங்க கீழேன்னு ஒண்ணும் இல்ல."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஏம்மா, இதையும் அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார். அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் பெரிதாகப் படுகிறது. அவருக்கு இழக்க அதிகம் இருந்தது.

இரண்டு மணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு. பேகம்பேட் ஆள் ஒருவர், அவருக்கு அப்பால் வேறு நாட்டிலிருந்து ஒரு குரல். குரலில் கோபம் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டது, மேடம் தமிழில் சொன்னார். எந்த உலோகம், எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன், காந்தம் பிடிக்குமா. பிரஷிலிருந்து ஒரு இழையை வெட்டி அளந்து சொன்னேன். காந்தத்தை வைத்துப் பார்த்து, லேசாகப் பிடிக்கிறது என்றேன். பிறகு கேட்டது: "பிரஷை எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே விட்டார்?"

"நிலையத்துப் பக்கத்திலிருந்து" என்றேன் உடனே.

மேடம் அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தார். என் காதில் என் குரலே வேறு மாதிரி விழுந்தது. பயத்தில் இருக்கிறவன் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று நினைப்பான். தெரியாது என்று சொன்னால் இன்னொரு குற்றம் சேர்ந்துவிடும் போல இருக்கும்.

"இருங்க மேடம். அப்படி நிச்சயமாச் சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் விட்டிருப்பேன். ஞாபகம் இல்லன்னு சொல்லிடுங்க."

"நெஜமாவா?"

"நெஜமா ஞாபகம் இல்ல."

அவர் அப்படியே சொன்னார். அப்படியென்றால் இருபக்கமும் மூட வேண்டும் என்றது குரல். கலத்துக்குள் இருப்பவர்கள் தங்கள் பக்கத்துத் துவாரத்தின்மேல் வடிதுணி ஒட்டுவார்கள், நிலையத்துக்குள் ஏற்கனவே இருப்பவர்களும் தங்கள் பக்கத்தில் ஒட்டுவார்கள், எல்லோரும் கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு மிக மெதுவாகக் காற்றைத் திறப்பார்கள். நான் முதலில் சொன்னதோடு விட்டிருந்தால் ஒரு பக்கம்தான் மூடியிருப்பார்கள்.

நான்கு மணிக்குக் கலம் நிலையத்தோடு ஒட்டியது. கேன்டீனில் ஷிஃப்ட் முடிந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். கதவு எப்போது திறக்கும் என்று காத்திருந்தார்கள். ஐந்து ஆயிற்று. ஆறு ஆயிற்று. அழுத்தச் சோதனை நடக்கிறது, வழக்கமானதுதான் என்று டிவியில் சொன்னார்கள். வழக்கமானது இல்லை என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஓனர் கதவோரம் நின்றார். மேடம் முதல் வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு. நான் யாதகிரி பக்கத்தில்.

"அன்னா, உங்க பிரஷ் வேலை லேட் பண்ணுது" என்றார் யாதகிரி, சும்மா கிண்டலுக்கு. வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ஏழு மணிக்குப் பக்கம் படம் வந்தது. நான்கு பேரும் பெரிய கண்ணாடிகள் போட்டுக்கொண்டு, மூக்கை மூடிக்கொண்டு இருந்தார்கள். கேன்டீனில் சிரிப்பு. "வெல்டிங் பண்ணப் போறாங்களா" என்று யாரோ கேட்டார்கள். அந்தப் பெண் இப்போது முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். கதவு திறந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் இழுத்துக் கட்டிப்பிடித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மேடம் தட்டவில்லை. கைகளைக் கட்டியபடியே நின்று, கண்ணாடியைக் கழற்றும் ஒவ்வொருவருடைய கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. வடிதுணிகள் இரண்டிலும் ஒன்றும் இல்லை. வால்வு சரியாக மூடுகிறது. நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். ஆனால் துணியில் இல்லை என்பதால் உள்ளே இல்லை என்று ஆகிவிடாது, அது எங்கள் மூவருக்கும் தெரியும். அவர்கள் மேலே இருந்த காலம் முழுக்க நான் தினமும் செய்தி பார்த்தேன். யாராவது இருமினால்கூட நிமிர்ந்து உட்காருவேன். திரும்பி இறங்கியதும் அந்தப் பாகத்தைக் கழற்றி அறுத்துப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. இரண்டாவது இழை இன்று வரை கிடைக்கவில்லை. ஜீடிமெட்லா சாக்கடையில் இருக்கலாம். மேலே ஏதாவது ஒரு இடுக்கில் இருக்கலாம். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் சோதனை மூன்று மடங்கானது. உங்கள் டிபன் பையைக் காலையில் திறந்து காட்டச் சொல்கிறார்களே, அது என்னால் வந்தது. திட்டுவதானால் என்னைத் திட்டலாம்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதற்கெல்லாம் முன்னால், கதவு திறந்த மறுநாள் காலையில் நடந்தது. மேடம் கூப்பிட்டார்.

"அண்ணா, நீங்க வந்து சொன்னீங்க. அதனால உங்களை நம்பறேன். ரெஜிஸ்டரை ஏமாத்தினீங்க. அதனால மேல போற வேலை இனிமே உங்களுக்குக் கிடையாது. பம்பு பாகம் மட்டும்தான். ரெண்டும் சேர்ந்துதான். சரியா?"

"சரி மேடம்."

"கோபமா?"

"இல்ல. பம்புல ஆரம்பிச்சவன்தான்."

ஓய்வு பெறும் வரை பம்பு பாகங்கள்தான் செய்தேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு தாளை நகர்த்தினார். வாடிக்கையாளர் கேட்ட விளக்கம். என்னைத் தமிழில் எழுதச் சொன்னார், அவர் ஆங்கிலத்தில் மாற்றுவார். பிரஷ், பாகம், தேதி எல்லாவற்றுக்கும் கட்டங்கள். குறை எப்போது தெரிந்தது? எட்டரை என்று எழுதினேன். எப்போது தெரிவித்தீர்கள்? பத்து. அதற்கடுத்து ஒரு கட்டம். இந்த இரண்டு நேரத்துக்கும் இடையில் எடுத்த நடவடிக்கை என்ன?

மறுபடி சரிபார்த்தேன் என்று எழுதலாம். யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. வால்வு திறக்க ஏழு மணி நேரம் இருந்தது, அந்த ஒன்றரை மணி நேரத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். நான் கண்டுபிடித்தது எட்டரைக்குப் பதிலாக மூன்றரை மணிக்கு என்றால், மேடம் போனை எடுக்கும்போது வால்வு திறந்திருக்கும்.

பயந்தேன், ஓடப் பார்த்தேன் என்று எழுதினேன்.

மேடம் மாற்றி எழுதிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிறுத்தினார். "இதை இப்படியேவா போடணும்?"

"வேற எதுவும் நடக்கல மேடம்."

"ஹவ்" என்றார். அப்படியே எழுதினார்.

நீங்களும் ஒருநாள் அப்படி ஒரு தாளை நிரப்புவீர்கள். தப்பே செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பயப்படாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன், பயம் வராதவன் அந்தத் துளைக்குள் கைவைக்கக் கூடாது. உங்கள் தாளில் அந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் இருப்பது, உங்கள் மேஜையிலிருந்து மேடம் அறைக்கு நடந்து போகிற நேரமாக மட்டும் இருக்கட்டும்.